பதினெட்டாம் கட்டம்

வைகாசிக்கு முப்பத்தொரு கட்டம்.
அடிமட்டம் வைத்துக் கீறி முடித்து
பென்சிலைத் தீட்டிக்கொண்டேன்.
காலைக்குக் கா, பின்னேரத்துக்குப் பி,
இரவுக்கு இ,
ஓய்வுக்கு ஓ.
புதுக்குடியிருப்பு, பெண்கள் விடுதி,
இருபத்தெட்டுக் கட்டில், பதினொரு தாதியர்.

சித்திரையில் எல்லாரும் காரணம் எழுதுவார்கள்:
பிள்ளைக்குக் காதுகுத்து, தங்கைக்குப் பொன்னுருக்கு,
வருசத்துக்கு மாமி வீடு.
ஒருத்தி தேர் என்று எழுதி
எந்தக் கோயில் என்றும் எழுதியிருந்தாள்,
நான் நம்பமாட்டேன் என்று.
வைகாசியில்
ஆறு கடிதம், ஒரே தேதி.
காரணம் கேட்கிற கோட்டில்
ஆறு கையெழுத்தில் ஒரே பதில்:
சொந்த அலுவல்.

கேதீஸ்வரிக்கு ஓ போட்டேன்.
அதற்குக் கீழே பிறேமினி. ஜெசிந்தா.
சுகிர்தா, யோகராணி, நிரோஜி.
போட்டுவிட்டுப் பதினெட்டாம் கட்டத்தை
மேலிருந்து கீழே
மனதுக்குள் வாசித்தேன்.
ஓ
ஓ
ஓ
ஓ
ஓ
ஓ
அழிறப்பர் கையிலேயே இருந்தது.

தொலைபேசியில் மேற்றன்:
"மூண்டு பேருக்கு மேல விடேலாது பிள்ளை.
ஆரை விடுறதெண்டு நீர் பாத்துப் போடும்."
எதை வைத்துப் பார்க்கிறது?
சேவைக்காலம் என்றால் சுகிர்தா.
போன வருசம் கிடைக்காதவள் என்றால் பிறேமினி.
எண்ணிக்கை என்றால்
கேதீஸ்வரிக்கு நாலு பேர், நிரோஜிக்கு ஒன்று.
அந்த ஒன்றுக்கு வயது எட்டு மாதம்.
தாபன விதிக்கோவையில் இதற்குப் பிரிவில்லை.
தேடியும் பார்த்தேன்.

குருநாகல் திலினி
வெசாக்குக்கு வீட்டை போகக் கேட்டிருந்தவள்.
மேசையில் கிடந்த தாளைப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
பதினேழு இரவையும் பதினெட்டுக் காலையையும்
தன் பெயருக்கு நேரே தானே நிரப்பினாள்.
இ. கா.
எங்கள் எழுத்தில். கா கொஞ்சம் சரிந்திருந்தது.
நான் வாய் திறக்க முதல்
"சித்திரைக்கு நீங்க எல்லாம் எனக்குச் செய்தது தானே, சிஸ்டர்."
அது கணக்குத் தீர்த்ததா, இல்லையா,
இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆறு பேரும் மருந்தறைக்குள் போனார்கள்.
ஐந்து நிமிடம்.
வெளியே வந்து மூன்று பெயர் சொன்னார்கள்.
நிரோஜி சொன்னாள்:
"எனக்கு ரெண்டு மணித்தியாலம் காணும் சிஸ்டர்."
மற்ற மூன்று ஓவிலும்
அடிச்சுழியை மட்டும் அழித்தேன்.
ஒ.
குறில். ஒன்பதரைக்குப் போய்
பதினொன்றரைக்குத் திரும்ப வேண்டும்.

சிற்றூழியர் தாளும் நான்தான் போடுவது.
தவமலர் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்தார்.
"பதினெட்டு எனக்கு முழுநாளும் வேலை போடு மோனை.
லீவில நிண்டா விளக்குக் கொளுத்தச் சொல்லுவினம்.
கொளுத்தினா,
அவன் இல்லையெண்டு நானே
கையெழுத்து வச்ச மாதிரி."
திரும்பப் போய்த் துடைப்பத்தை எடுத்தார்.
பன்னிரண்டாம் கட்டிலடியில்
சேலைன் சிந்திக் கிடந்தது.

என் கடிதம் லாச்சிக்குள் கிடக்கிறது,
நாலாவது வருசமாக.
தேதியில் வருசத்தை மட்டும் திருத்திக்கொள்கிறேன்.
அந்த வருசம் றோஸ்ரர் இல்லை.
பள்ளிக்கூட வாங்குகளை இழுத்துச் சேர்த்தால் விடுதி.
இ எது கா எது என்று தெரியாமல்
தொடங்கிய டியூட்டியை
முடிந்தது என்று ஒருவரும் ஒப்பமிடவில்லை.
ஓடச் சொன்னார்கள், ஓடினோம்.
வாங்கில் படுத்திருந்தவர்கள்

என் பெயருக்கு நேரே கா.

பென்சிலின் மேல் பேனையை ஓட்டி முடித்தேன்.
அந்த ஒரு கட்டத்தில் தாள் மெலிந்து
பின்பக்க மேசை தெரிகிற மாதிரி இருந்தது.
ஆறாம் கட்டில் கூப்பிட்டது:
"மிஸ்ஸி, எனக்கு எப்ப துண்டு வெட்டுவியள்?"